இரண்டாவது ஸ்க்ரூ

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிரதாப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியபோது மழை விட்டிருந்தது. கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து மட்டும் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஆல்வின் செத்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. அடக்கம் முடிந்ததிலிருந்து பிரதாப் திருப்பாலைவனத்தில் தன் வீட்டிலேயே அடைந்து கிடந்தான். காய்ச்சல் என்றான், இடுப்புப் பிடிப்பு என்றான், மழை என்றான். சொல்வதற்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லாமல் போனதால்தான் வந்தான்.

கொட்டகை ஆல்வின் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. சாவி அவன் மனைவி பெனிட்டாவிடம். அவள் வாசலில் உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து வந்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். 

"சனிக்கிழமை வந்தீங்களாண்ணா?"

"இல்லியே. இன்னிக்குத்தான் வரேன்."

"மெஷின் ஓடற மாதிரி இருந்துச்சு. மத்தியானம் பூரா கேட்டுச்சு."

"சாவி உன்கிட்டதானம்மா இருக்குது?"

"அதைத்தான் நானும் போய்ப் பாத்தேன். ஆணியிலதான் தொங்கினு இருந்துச்சு."

எலியாக இருக்கும் என்று பிரதாப் சொன்னான். எலி மில்லிங் மெஷின் ஓட்டுமா என்று பெனிட்டா கேட்கவில்லை. சாவியை அவன் கையில் வைத்துவிட்டு இறாலுக்குத் திரும்பினாள்.

அந்த மெஷினுக்கு ஒரு கதை உண்டு. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிரதாப்பும் ஆல்வினும் பதினோரு வருஷம் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர்கள். ஆள் குறைத்தபோது இரண்டு பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பழைய இரும்புக்குப் போக இருந்த, இரும்பைச் சீவிச் செதுக்கும் ஒரு மில்லிங் மெஷினை இருவரும் சேர்ந்து பிடித்து, மீன் ஏற்றும் வண்டியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார்கள். மெஷின் வந்ததே தவிர, அதோடு ஒரு கட்டர் கூட வரவில்லை. வெறும் மெஷினை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேண்டிய உருப்படிகளை எல்லாம் அந்த மெஷினிலேயே வைத்து அவர்களே செய்துகொண்டார்கள். பழைய படகு ஷாஃப்டை அறுத்து ஒன்று, உடைந்த லாரி ஆக்சிலை அறுத்து ஒன்று. ஒரு வருஷத்தில் அந்தக் கரையில் எந்தப் படகு எஞ்சின் படுத்தாலும் இவர்களிடம்தான் வந்தது.

யார் எப்போது மெஷினில் நிற்பது என்பதில்தான் முதல் சண்டை. அதற்கு ஆல்வின் ஒரு வழி சொன்னான்.

"எங்க நைனா ஏரியில எப்படியோ, அப்படியே இங்கயும் பாடு பிரிச்சுக்கலாம்டா."

ஏரியில் மீன் சேரும் இடம் கொஞ்சம், வலை அதிகம். அதனால் எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. ஒருவன் பாடு நாளில் இன்னொருவன் வலை இறக்கினால் ஊரே கூடிக் கேட்கும். பாடு உள்ளவன் செத்துப்போனால், அவன் வீட்டார் வாயால் "விட்டோம்" என்று சொல்லும் வரை அந்த நாளில் அந்த இடத்தை யாரும் தொட மாட்டார்கள். இடம் அவனுக்காகக் காலியாகவே கிடக்கும்.

ஆல்வினும் பிரதாப்பும் மெஷின் மேல் ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கற்பூரம் ஏற்றி, கரையில் நாலு பேரைக் கூப்பிட்டு வைத்துச் சீட்டுப் போட்டார்கள். திங்கள், புதன், வெள்ளி பிரதாப்புக்கு. செவ்வாய், வியாழன், சனி ஆல்வினுக்கு. ஞாயிறு மெஷினுக்கு ஓய்வு. எல்லோரும் சிரித்தார்கள். ஏரிக்கு வைத்த முறையை இரும்புக்கு வைக்கிறான்களே என்று கேலி செய்தார்கள். விளையாட்டாக வைத்ததுதான், ஆனாலும் வைத்தாயிற்று.

ஆல்வின் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அவன் பாடு நாள்.

பிரதாப் கொட்டகைக் கதவைத் திறந்தான். நாற்பது நாள் பூட்டிக் கிடந்த இடத்தில் தூசி நாற்றம் அடிக்க வேண்டும். அடித்தது ஏரிச் சேற்றின் வாடை. அதோடு இரும்பு வெட்டும்போது ஊற்றும் எண்ணெய் சூடேறிய வாடையும் இருந்தது. அந்த வாடை மெஷின் நின்ற ஒரு மணி நேரத்தில் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும்.

டேபிளில் இரும்புச் சுருள் புதிதாகக் கிடந்தது. தொட்டால் ஈரம். விரலை நாக்கில் வைத்தான். உப்பு.

உருப்படியை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் கை முஷ்டி அளவுக்கு உருண்டையான இரும்பு ஒன்று பிடித்திருந்தது. மேல் முகம் சீராக வெட்டியிருந்தது. அவ்வளவுதான், வேறு வேலை நடக்கவில்லை. அதற்கே பிரதாப் ஓர் அடி பின்னால் நகர்ந்தான். அந்த அளவு இரும்பில் அவர்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான்.

அதன் பெயர் ஃபிளை கட்டர். படகு எஞ்சினின் சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்துபோனால் அதன் முகத்தைச் சீவிச் சமமாக்குவதற்கான உருப்படி. இரும்பு உருண்டையின் அடியில் நீளப் பள்ளமாக ஒரு காடி. காடியில் இரும்பைச் சீவும் விரல் நீள டூல் பிட் ஒன்று. அது பறந்துவிடாமல் இறுக்கிப் பிடிக்க இரண்டு ஸ்க்ரூ. நிமிஷத்துக்கு எத்தனையோ நூறு சுற்று சுற்றும்போது அந்த இரண்டு ஸ்க்ரூவை நம்பித்தான் மனிதன் எதிரில் நிற்கிறான்.

அதைச் செய்தது பிரதாப். ஒரு திங்கட்கிழமை, தன் பாடு நாளில். முதல் துளைக்கு மரை நன்றாக விழுந்தது. இரண்டாவது துளையில் மரை வெட்டும்போது, வெட்டும் கருவியான டேப் உள்ளே உடைந்துபோனது. அது ஆல்வினின் டேப். பிடியில் மஞ்சள் வலை நூலைச் சுற்றி, பூப்போல வைத்திருந்தான். அவன் அதை யாருக்கும் இரவல் கூடத் தர மாட்டான். பிரதாப்புக்கு வெட்கமாகப் போயிற்று. உடைந்த துண்டு துளைக்குள்ளேயே இருக்க, ஒரு ஸ்க்ரூவின் தலையை மட்டும் அறுத்து, பசை வைத்து அதன் மேல் ஒட்டினான். பார்ப்பதற்கு இரண்டு ஸ்க்ரூ. புதன்கிழமை வந்து சரியாகச் செய்துகொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனான்.

வெட்கம் என்பது எவ்வளவு சின்ன விஷயம். அதைக் காப்பாற்றத்தான் மனிதன் என்னென்னவோ செய்கிறான்.

"ஒண்ணு கேக்கணும்ணா," என்ற குரல் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினான். பெனிட்டா கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"கேளும்மா."

"அவரு பாட்டை விட்டோம்னு நான் இன்னும் சொல்லலை. நீங்க கேக்கறதுக்குத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியும். ஆறு நாளும் நீங்க ஓட்டணும், உங்க வீட்டுலயும் அடுப்பெரியணும். சொல்லிடறேன். அதுக்கு முன்னாடி இத மட்டும் சொல்லுங்க. வீட்டுல கொடிக்கயிறு கட்டினாக்கூட மூணு வாட்டி இழுத்துப் பாக்கற ஆளு. ஸ்க்ரூவ டைட் பண்ண மறந்துட்டாருன்னு சொல்றீங்க. எப்படிண்ணா மறந்தாரு?"

பிரதாப் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவசரம்மா. படகுக்காரன் நின்னுனு இருந்தான். எல்லாருக்கும் ஒரு நாள் அப்படி ஆகும்."

"பொண்ணு ஸ்கூல்ல கூட அப்படித்தான் சொல்றாங்களாம். உங்கப்பாவே கவனமில்லாம செத்துட்டாருன்னு."

பிறகு, "யோசிச்சுச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். யோசிக்க என்ன இருக்கிறது என்று பிரதாப் கேட்கவில்லை.

அன்று அவன் எந்த வேலையும் செய்யவில்லை. வைஸில் இருந்த இரும்பையும் தொடவில்லை. பழைய கட்டரை ஆல்வினைப் புதைத்த அன்றே அவன் எடுத்துப்போய், லைட்ஹவுஸ் பக்கம் போகும் பாலத்திலிருந்து ஏரியில் வீசியிருந்தான். போலீஸ் அதற்கு முன்பே வந்து பார்த்து, விபத்து என்று எழுதிக்கொண்டு போயாயிற்று. யாரும் கட்டரைப் பற்றிக் கேட்கவில்லை.

புதன்கிழமை வந்தபோது இரும்பில் காடி வெட்டியிருந்தது.

சாவி ஆணியிலேயே இருந்ததாகப் பெனிட்டா சொன்னாள். செவ்வாய் மத்தியானம் மறுபடி சத்தம் கேட்டதாம். இந்தத் தடவை அவள் எலி பற்றிப் பேசவில்லை, அவனும் பேசவில்லை.

பிரதாப் குனிந்து காடியைப் பார்த்தான். அரை டிகிரி சாய்ந்திருந்தது. அவன் வெட்டிய பழைய கட்டரிலும் காடி அதே பக்கம், அதே அரை டிகிரி சாய்ந்திருந்தது. இந்தத் தப்பு அவனுடையது. ஆல்வின் ஒருநாளும் காடியைச் சாய்த்து வெட்ட மாட்டான்.

யாரோ அவன் செய்ததை, அவன் செய்தபடியே, திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை இரண்டு துளை விழுந்திருந்தது. ஒன்றில் மரை இருந்தது. மற்றது வழுவழுவென்று வெறும் துளையாக இருந்தது. டேபிளிலிருந்து ஏரித் தண்ணீர் தரைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.

நாளைக்குச் சனிக்கிழமை. நாளைக்கு என்ன நடக்கும் என்று உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அன்று சாயங்காலம் சாவியைத் திருப்பிக் கொடுக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

சனிக்கிழமை அவன் வந்தபோது மத்தியானம் இரண்டு மணி. பெனிட்டா ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்தே ஊரில் கரண்ட் இல்லை, ஐந்து மணிக்குத்தான் வரும். வானம் கறுத்துக் கிடந்தது. ஆல்வின் பாடு நாளில் உள்ளே போவது முறையில்லை என்று அவனுக்குத் தெரியும். மெஷினைத் தொடப் போவதில்லை, பார்க்கத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, மூலையில் ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தான்.

வெகு நேரம் ஒன்றும் இல்லை. வெளியே படகு ஒன்று கழியில் உரசிக்கொண்டிருந்தது.

பிறகு சேற்று வாடை வந்தது.

முதலில் லேசாக. அப்புறம் மூச்சு முட்டும் அளவுக்கு.

டேபிளின் கைப்பிடி தானாகச் சுற்றியது. நிதானமாக முன்னே வந்தது, ஒரு சுற்றுப் பின்னே போனது, மறுபடி முன்னே வந்து நின்றது. பழைய மெஷினின் ஆட்டத்தை எடுக்க ஆல்வின் எப்போதும் அப்படித்தான் செய்வான். தொழிற்சாலையில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை.

பிரதாப்புக்கு எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றியது. டின்னின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

வெறும் துளையின் மேல் ஒரு டேப் நின்றது. பிடியில் மஞ்சள் நூல். உடைந்து நாற்பது நாளுக்கு மேலான டேப், முழுசாக, யார் கையிலும் இல்லாமல் நின்றது. மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. அரைச் சுற்று முன்னே. கால் சுற்றுப் பின்னே. அரைச் சுற்று முன்னே. கால் சுற்றுப் பின்னே. ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் பின்னே வராமல் முன்னேயே அழுத்தியது, பொறுமை இல்லாதவன் அழுத்துவதைப்போல. பிரதாப் அழுத்தியதைப்போல.

டிக்.

உடைந்துவிட்டது.

அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். திறந்தபோது கட்டர் வைஸில் இல்லை, மெஷினின் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலில் ஏறியிருந்தது. காடியில் டூல் பிட் இருந்தது. இரண்டு ஸ்க்ரூத் தலையும் பளபளவென்று தெரிந்தன. டேபிள் மேல் இருந்த, ஸ்க்ரூ முடுக்கும் ஆலன் கீ லேசாகக் கட்டர் பக்கம் சாய்ந்தது.

ஸ்க்ரூவை இறுக்கியதும் அதன் தலையில் ஆலன் கீயால் ஒரு தட்டுத் தட்டிக் கேட்பது ஆல்வினின் பழக்கம். இறுகியிருந்தால் கணீர் என்று சொல்லும்.

டிங்.

அடுத்த ஸ்க்ரூ.

டொக்.

பிறகு அமைதி. கொட்டகை முழுக்க ஏதோ ஒன்று அவன் பதிலுக்காகக் காத்திருந்தது.

பிரதாப்புக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்ன, அது ஒருநாளும் அவனை விட்டுப் போகவே இல்லை. மீஞ்சூரில் பெல்ட் வாங்க நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. நாற்பத்திரண்டு வினாடி. "டேய், ரெண்டாவது ஸ்க்ரூ சத்தம் சரியில்லியேடா. டொக்குங்குது. இன்னா பண்ணி வச்சிருக்க? ஓட்டலாமா?" டேப் உடைந்ததைச் சொல்ல வாய் வரை வந்தது. கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். "நல்லாதான்டா இருக்கு. ஓட்டு," என்று சொல்லிவிட்டு வைத்தான். சந்தேகம் வந்தால் மெஷினைத் தொடாத ஆல்வின், நண்பன் சொன்னானே என்று ஸ்விட்சைப் போட்டான். டூல் பிட் கழுத்தில் பாய்ந்தது.

டிங்.

டொக்.

மறுபடியும் கேள்வி.

பயத்தில் நாக்கு பழகின வழியிலேயே போயிற்று. "நல்லாதான்டா இருக்கு," என்று பிரதாப் முணுமுணுத்தான்.

கரண்ட் இல்லாத மெஷினில் ஸ்பிண்டில் சுற்ற ஆரம்பித்தது.

முதலில் மெதுவாக. ஒவ்வொரு சுற்றுக்கும் பிட்டின் நுனி அவன் பக்கம் வந்து போவது தெரிந்தது. பிறகு வேகம் ஏறியது. நுனி மறைந்து ஒரு வட்டம் மட்டும் தெரிந்தது. கூரை அதிர்ந்தது. உப்புத் தண்ணீர் சுழன்று அவன் முகத்தில் அடித்தது. அந்த ஒற்றை ஸ்க்ரூ தளர்வது அவன் காதுக்குத் தனியாகக் கேட்டது.

"நிறுத்துடா!" பிரதாப் கத்தினான். "ஓட்டாத! டேப் உள்ள உடைஞ்சு கெடக்குது! நான்தான் உடைச்சேன். ஸ்க்ரூவ ஒட்டி வச்சேன். நீ கேட்ட, நான் பொய் சொன்னேன். பொய் சொன்னேன் ஆல்வின்!"

ஸ்பிண்டில் நின்றது.

சொட்டுச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. பிரதாப் தரையில் உட்கார்ந்து அழுதான். அழுது முடிக்கும்போதுதான் வாசலில் நிழல் விழுந்திருப்பதைப் பார்த்தான். பெனிட்டா பைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"போன் பண்ணி உன்னைக் கேட்டாரா?"

அதுவரை அவள் அவனை நீ என்று சொன்னதே இல்லை.

"கேட்டான்."

"நீ இன்னா சொன்ன?"

"ஓட்டுன்னு சொன்னேன்."

அவள் முதல்முறையாகக் கொட்டகைக்குள் வந்தாள். ஆலன் கீயை எடுத்தாள். ஒரு ஸ்க்ரூவைத் தட்டினாள். டிங். மற்றதைத் தட்டினாள். டொக். மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே டொக்.

"நான் இந்த மெஷினைத் தொட்டதே இல்ல. எனக்கே தெரியுது," என்றாள். அப்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது.

பிரதாப் அவள் காலில் விழப் போனான். அவள் நகர்ந்துகொண்டாள்.

"விட்டோம்னு என் வாயால சொல்லணும்னு வந்த இல்ல? சொல்ல மாட்டேன். அவரு பாடு அவருக்கே இருக்கட்டும். நாளைக்குக் கோயில் முடிஞ்சதும் கரையில வந்து இப்ப சொன்னதை எல்லார் முன்னாடியும் சொல்லு. என் பொண்ணும் அங்க இருப்பா. அவ காதுல விழணும்."

"சொல்றேன்மா. அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

"வரணும். திங்கக்கிழமை உன் பாடு. உன் பாட்டை நீ விடக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னான். கரையில் யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அடித்திருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. பெனிட்டாவின் பெண் மட்டும் போகாமல் அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது தை பிறந்துவிட்டது. திங்கள், புதன், வெள்ளி பிரதாப் வருகிறான். ஆணியிலிருந்து சாவியை அவனேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்ற மூன்று நாளும் கொட்டகை பூட்டியிருக்கிறது, உள்ளே மெஷின் ஓடுகிறது. கரைக்காரர்களுக்கு அது பழகிவிட்டது. "இன்னிக்கு ஆல்வின் பாடு," என்று சொல்லிவிட்டு வலையை அலசப் போகிறார்கள்.

இன்று புதன்கிழமை. டேபிளில் ஒரு படகின் சிலிண்டர் ஹெட் காத்திருக்கிறது. பிரதாப் புது இரும்பு எடுத்து, புது டேப் வாங்கி, மூன்று வாரம் பாடுபட்டு இன்னொரு ஃபிளை கட்டர் செய்திருக்கிறான். காடி துளியும் சாயவில்லை. இரண்டு துளையிலும் மரை முத்து முத்தாக விழுந்திருக்கிறது. டூல் பிட்டை வைத்து, இரண்டு ஸ்க்ரூவையும் நரம்பு புடைக்க இறுக்கினான். ஆலன் கீயால் தட்டினான்.

டிங்.

டொக்.

கழற்றி மரையைப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை. புது ஸ்க்ரூ போட்டு இறுக்கித் தட்டினான். டொக். நான்கு தடவை கழற்றி நான்கு தடவை மாட்டினான். டொக் மாறவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பெனிட்டா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது. அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பிரதாப் போனைக் கையில் எடுத்தான். யாரைக் கேட்பது? திரும்பவும் பையில் போட்டான். வெகு நேரம் கட்டருக்கு எதிரில் நின்றான். அப்புறம் காலியான கொட்டகையைப் பார்த்துக் கேட்டான்.

"ஆல்வின், சத்தம் சரியில்லியேடா. ஓட்டலாமா?"

சேற்று வாடை வந்தது. டேபிள் மேல் வைத்திருந்த ஆலன் கீ தானாக எழுந்து, இரண்டாவது ஸ்க்ரூவின் தலையில் ஒரே ஒரு தட்டுத் தட்டியது.

டிங்.

நல்லாதான் இருக்கு, ஓட்டு என்கிறான். பிரதாப் ஸ்விட்சின் மேல் கையை வைத்தான். அன்றைக்குத் தானும் இதையேதான் சொன்னோம் என்பது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.